ஜௌகலா வழி விடவில்லை

மலைமேல் இருக்கும் லேக்பாட்டா விமானத் தளத்தில் ஜௌகலா ரோகாயாவுக்கு ஒரே வேலைதான். விமானம் இறங்கவோ கிளம்பவோ சங்கு ஊதியதும் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையில் இறங்குவாள். ஆடு, குதிரை, குறுக்கே நடக்கும் சம்பந்தி என்று யாராக இருந்தாலும் விரட்டுவாள். ஒருமுறை போலீஸ்காரரையே, "கண்ணு பின்னாடியா இருக்கு?" என்று கேட்டவள். மலைக்குச் சாலை கிடையாது. ஆஸ்பத்திரி இருக்கும் நேபாள்கஞ்சுக்கு நடந்தால் பத்து நாள், பறந்தால் ஐம்பது நிமிடம்.

முந்தின குளிர்காலத்தில், இடமில்லை என்று நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளைத்தாச்சி வேலியோரத்திலேயே செத்துப்போனாள். அன்று விமானத்துக்குப் பாதையைக் காலி செய்து கொடுத்தது ஜௌகலாதான். அதற்காக அவள் யாரையும் மன்னிக்கவில்லை, தன்னையும்தான்.

ராஜ்மா காய்ந்து மூட்டை கட்டும் நாட்களில், ஒரு காலை, நந்தசூரா என்ற பிள்ளைத்தாச்சியை முதுகுக் கூடையில் சுமந்து வந்தார்கள். இரண்டு நாளாக வலி, வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. தளத்து அதிகாரி பௌடேல் கையை விரித்தார். அடர்த்தி குறைந்த மலைக்காற்றில் விமானம் தூக்கும் எடைக்கு ஓர் அளவு உண்டு. மாவட்டத்துப் பெரிய மனிதர் ஒருவரும் அவருடைய ஐந்து மூட்டை ராஜ்மாவும் ஏறியதில் அது நிரம்பிவிட்டது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றார் பௌடேல்.

சங்கு ஊதியது. ஜௌகலா இறங்கினாள். ஆடுகளை விரட்டினாள், ஆட்களை விரட்டினாள். பிறகு ஓடுபாதையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பௌடேல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா, எழுந்திரு! பத்து மணிக்குக் காத்து கிளம்பிடும். அப்புறம் யாருமே போக முடியாது."

"தெரியும் சார். பன்னெண்டு வருஷமா அந்தக் காத்துலதான் நிக்கிறேன். மூட்டைய இறக்குங்க."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும். முதல்ல அவ போகட்டும்."

அவளை அப்புறப்படுத்த ஆள் வேண்டுமே. அந்த வேலைக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். ஊர்க்காரர்கள் ஒருவரும் அசையவில்லை.

பெரிய மனிதர் விமானத்திலிருந்து இறங்கி வந்து கத்தினார். "யாரைத் தடுக்கிறேன்னு தெரியுமா?"

"ராஜ்மாவுக்கு என்ன ஐயா, இடுப்பு வலியா?" என்றாள் ஜௌகலா. வேலியோரம் சிரிப்பு வெடித்தது.

விமானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் தானே மூட்டைகளை உருட்டித் தள்ளினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நந்தசூரா பறந்தாள். சாயங்காலம் தொலைபேசியில் சேதி வந்தது. வயிற்றைக் கீறி எடுத்தார்களாம், பெண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தன. ஜௌகலா வெட்கப்படாமல் எல்லோர் முன்னாலும் அழுதாள்.

மறுவாரம் பௌடேல் ஒரு காகிதத்தை நீட்டினார். "மன்னிப்புக் கடிதம், அக்கா. ரேகை வச்சா வேலை போகாது."

"வாசிங்க."

"'இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்.' அவ்வளவுதான்."

"அது பொய்யாச்சே சார். செய்வேன்னு எழுதுங்க, வைக்கிறேன்."

பௌடேல் பேனாவைத் திறந்து அடித்துத் திருத்தினார். திருத்திய இடத்தைக் காட்டச் சொல்லி, அதற்குப் பக்கத்திலேயே ஜௌகலா கட்டைவிரலை அழுத்தினாள்.