துறைமுக வரிசையில் பாடு மாற்றிய நாள்

கன்டெய்னர் எடுக்கப் புதிதாக வரும் டிரைவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். சொல்வதென்றால் எனக்கும் கொள்ளை ஆசை. டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசுவேன், வாங்கிக் கொடுக்காவிட்டாலும் பேசுவேன்.

முதலில் ஷூ. லுங்கியும் செருப்புமாகக் காட்டுப்பள்ளி துறைமுகத்து கேட்டில் போய் நின்றால், வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓரம் கட்டுவார். நான் ஏரிக்கரையில் தோணிரேவு என்ற மீனவ ஊர்க்காரன். சின்ன வயதிலிருந்து ஏரிச் சேற்றில் நடந்து நடந்து பாதம் அகலமாகிப் போனது. என் காலுக்கு ஷூ தேடிப் பொன்னேரியில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, காலா இது, துடுப்பா?" என்றார். சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் அவரிடம்தான் என் அளவு இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

இந்தத் துறைமுகம் பெரிதாகக் கூடாது என்று ஊரோடு போய்க் கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே கேட்டில் பாஸை நீட்டுகிறேன். என் மச்சான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான், சிரிக்கட்டும். பிள்ளைகள் படிக்கிறார்கள், ஏரியில் இறால் முன்போல இல்லை, எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

பதினோரு வருஷம் மீன் ஏற்றும் ஐஸ் வண்டி ஓட்டினேன். டிரெய்லர் ஓட்ட வேண்டும் என்பது என் வெகுநாள் வெறி. காட்டூர்ப் பக்கம் ஓர் அக்கா இரண்டு டிரெய்லர் வைத்திருக்கிறார். விவசாயக் குடும்பம், கறாரான மனுஷி. முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்தபோதே சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு கன்டெய்னர் பெட்டி. மத்தியானத்துக்குள்ள வெளிய கொண்டாந்தா வண்டி உன்னுது. இல்லன்னா வேற ஆளு ரெடியா கீறான்."

எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு வண்டிதான். இன்றைக்கு வண்டி நமக்குத்தான் என்று வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு டிரைவர் ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும். எனக்குப் பின்னால் பதினோராவது வண்டி அவனுடையது.

"அண்ணா, கும்மிடிப்பூண்டிகிட்ட கோயில்ல என் தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்துறாங்கண்ணா. நாந்தான் தாய்மாமன். என் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணும். பன்னெண்டு வரைக்கும்தான் நல்ல நேரம். கொஞ்சம் முன்னால வுடுண்ணா."

பெட்டி ஆந்திராப் பக்கம் போக வேண்டியது, கோயில் போகிற வழியில்தான் இருக்கிறது என்றும் சொன்னான். கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்கள் ஏரியில் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் யாருக்கு என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவனுக்கு வீட்டில் விசேஷம், காரியம் என்றால் பாட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும். என் நாள் உனக்கு, உன் நாள் எனக்கு. நடுவில் இருப்பவன் எவனுக்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது. இது என் ரத்தத்தில் ஊறியது.

ஆகவே வண்டியை வரிசையிலிருந்து உருவி ஓரமாக நிறுத்தினேன். அவன் மிரண்டுபோனான்.

"நீங்க இன்னாத்துக்குண்ணா ஒதுங்குறீங்க? நான் உங்க முன்னால பூந்துக்கிறேன், அவ்ளோதானே."

"அப்ப உனக்கும் எனக்கும் நடுவுல கீற பத்துப் பேரு இன்னா பாவம் பண்ணாங்க? உன் எடத்துக்கு நான் போறேன். பேசாம போ."

பின்னால் ஹாரன் அலறியது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஓடினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஒன்பது பத்துக்கு கேட்டில் கிழிந்தது. துறைமுகத்துக்குள் போக ஒவ்வொரு வண்டி நம்பருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள், அதற்கு ஸ்லாட் என்று பெயர். என் ஸ்லாட் எட்டிலிருந்து ஒன்பது; அவனுடையதும் அதேதான், அவன் நேரத்துக்குள் உள்ளே போய்விட்டான். வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. வாட்ச்மேனிடம் பாடு என்றால் என்ன என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா கீதுபா உங்க ஊரு வழக்கம். வண்டியத் திருப்பு."

அடுத்த ஸ்லாட் மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. அக்கா போன் செய்தார். நெரிசல் என்று அவிழ்த்து விட்டேன்.

"ஜிபிஎஸ்ல பாத்துக்கினுதான் கீறேன். வண்டி முன்னால போச்சு, அப்புறம் ஓரமா நின்னுச்சு. இன்னா நடந்துது?"

மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன்.

"எங்க ஊர்லயும் வாய்க்கா தண்ணிய மொற வெச்சுத்தான் பாய்ச்சுறோம், விட்டும் குடுப்போம். ஆனா பக்கத்து வயக்காரன் மூஞ்சி எங்களுக்குத் தெரியும். இவன் மூஞ்சி உனக்குத் தெரியுமா? சாயங்காலம் சாவியக் கொண்டாந்து குடுத்துடு."

போன் வைத்தாகிவிட்டது. டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து, வீட்டில் கட்டிக் கொடுத்த நண்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்தேன். அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன், வெட்கம் என்ன.

மூன்று மணிக்கு உள்ளே போனேன். முதல் பெட்டியே கடைசிப் பெட்டி என்று முடிவாகிவிட்டதால், அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தோன்றியது. நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கும் யார்டில் கிரேன் வேலை செய்யும்போது கேபினை விட்டு இறங்காதீர்கள். இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்கிப் பெட்டி நம்பரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கடைசியில் கட்டம் போட்டுத் தனியாக ஒரு எண் இருக்கும், அதையும் விடாதீர்கள். கதவு சீல் நம்பரும் பேப்பரில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நசுங்கல் இருந்தால் அங்கேயே போட்டோ எடுத்துச் சொல்லிவிடுங்கள், வெளியே வந்தபின் சொன்னால் உங்கள் தலையில்தான் விடியும். பெட்டியை வண்டியோடு பிடிக்கும் நாலு மூலை லாக்கையும் கையால் திருகிப் பார்த்தபிறகே வண்டியை எடுங்கள். முக்கியமாக, வண்டி எடுப்பதற்கு முன்பே ஒண்ணுக்குப் போய்விடுங்கள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது போனில் ஒரு போட்டோ வந்து கிடந்தது. கோயில் வாசல். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை வாயைப் பிளந்து கதறுகிறது. அதை மடியில் வைத்திருப்பவன் துறைமுகத்துப் பச்சை சேஃப்டி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். பின்னால் அவன் டிரெய்லர் பெட்டியோடு நிற்கிறது. வேலை போனதுகூட ஒரு நிமிஷம் மறந்து நானும் இளித்தேன்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பெட்டி வெளிய வந்துடுச்சுக்கா. எறக்கிட்டு வந்து சாவியக் குடுத்துடறேன்."

"அது கெடக்கட்டும். அவன் போய்ச் சேந்தானா?"

"சேந்துட்டான்கா. போட்டோ அனுப்பிக்கீறான்."

"எனக்கு அனுப்பு."

அனுப்பினேன்.

"சரி, மூஞ்சியப் பாத்துட்டேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஸ்லாட். டிரைவர்னு உன் பேரயே போட்டுடறேன்" என்றார். "இனிமே எவனுக்காவது எடத்த மாத்திக் குடுத்த, உன் காத நான் குத்துவேன்."