யாருக்குத் தூரம்?

“அண்ணே, பெரியம்மா போயிட்டாங்க.” பரமேஸ்வரி அக்காவின் தங்கை மகள் அழைத்தபோது பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் இருந்தேன். ‘எந்தத் தீவுக்கு?’ என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் அழுவது கேட்டது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அக்கா. ஓய்வுக்குப் பிறகு ஸ்காட்லாந்துத் தீவுகளைத் தனியாகச் சுற்றி, என் சிற்றிதழில் எழுதினார். முதல் கட்டுரைக்கு ‘தொலைதூரத் தீவுகள்’ என்று தலைப்பு வைத்தேன். ப்ரூஃப் தாளில் முதல் சொல்லைப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினார். போன் செய்து கேட்டேன். “யாருக்குத் தூரம் தம்பி? அங்க இருக்கவனுக்கு அது வாசப்படிலா!”

ஹாரிஸ் தீவில் வீட்டுத் தறியில் கம்பளி நெய்யும் ஓர் அம்மாள் ஊரைக் கேட்டாராம். பினாங்கு என்றதும், “ஐயோ பாவம், அவ்வளவு தொலைவிலா இருக்கிறீர்கள்?” என்று உச்சுக்கொட்டினாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அக்கா. அந்த வீட்டில் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, “நம்ம ஈக்கான் மாசின் கருவாடுதான், தொட்டுக்கச் சம்பால் இல்லாததுதான் குறை” என்று எழுதினார்.

செயிண்ட் கில்டா தீவில் இருந்த குடும்பங்கள் எல்லாம் என்றோ வெளியேறிவிட்டன. கூரையில்லாத அந்த வீடுகளின் வாசல் ஒவ்வொன்றிலும் நின்றிருக்கிறார். ‘இங்கே ஒருத்தி சமைத்திருக்கிறாள்’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். படித்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கட்டுரைகளைப் புத்தகமாக்க ஒரு சங்கம் முன்வந்தது. ‘தொலைதூர’ என்று தலைப்பில் இருந்தால்தான் விற்கும் என்றார்கள். “அப்ப வேணாம்லா. ஜுரு ஹைவே ஜாம்ல நின்னு பாருங்க, எது தூரம்னு தெரியும்,” என்று எழுந்து வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே பிடிவாதம்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தச் சொல்ல மட்டும் உள்ள விட்றாத தம்பி,” என்றார்.

இறுதிச் சடங்கில் சங்கத்துக்காரர் ஒருவர் என் காதருகே வந்தார். “இனி அக்கா கோவிச்சுக்க மாட்டாங்க. நம்ம தலைப்பையே போட்டுடலாம்லா.”

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது!

“அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, நான் கோவிச்சுக்குவேன்!” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்காவை அறிந்தவர்களே, கையெழுத்துப்படி என்னிடம்தான் இருக்கிறது. சங்கம் போடாவிட்டால் போகட்டும், நானே போடுகிறேன். ‘பக்கத்துத் தீவுகள்’ என்று அவர் வைத்த தலைப்போடுதான் வரும்.

அந்த ப்ரூஃப் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று சங்கத்திலிருந்து, என் இதழில் போடச் சொல்லி ஓர் இரங்கல் குறிப்பு வந்தது. ‘நம்மை விட்டுத் தொலைதூரம் சென்றுவிட்டார்’ என்று தொடங்கியிருந்தார்கள்.

பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன். யாருக்குத் தூரம்?