நிழலில் ஓர் இடம்

நானும் அண்ணனும் பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்தவர்கள். வெயில் பட்டால் கொப்பளித்துவிடும். ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில்தான் இருவருக்கும் வேலை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், அண்ணன் காதில் வந்த புண் ஆறாமல் கழுத்துவரை பரவி, அவன் இறந்துபோனான். வெயில்தான் காரணம் என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வரவில்லை. காரியம் முடிந்ததும் உப்பு வாரப் போய்விட்டேன்.

கொட்டகையில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த செல்லம்மா எழுந்து வந்தாள். அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை.

"ஏளா, நீ உள்ள போய் இரி. உப்பை நான் வாருதேன்."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுக்கா. எப்படித் தைக்க?"

"கோணலாத் தைச்சா என்ன, உப்பு கொட்டாட்டாச் சரிதான்."

நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் போய் உட்கார்ந்தேன். அவள் அந்த இடத்தைத் திரும்பக் கேட்கவே இல்லை.

இப்போது அண்ணனைவிட நான் மூத்தவள். அவள் எழுந்து கொடுத்த இடத்தில் கிடைத்த ஆயுள் இது.