அத்தைக்குத் தெரியாத மொழி

என் அத்தை பிறப்பால் சீனர். உம்பாய்க் கடலோரத்து மீனவர் ஒருவர், அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறக்கிறதென்று, கைக்குழந்தையாக இருந்தபோதே அவரை எங்கள் ரப்பர் தோட்டத்தில் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா எடுத்து வளர்த்தார். அத்தை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், வருடம் தவறாமல் தீ மிதிப்பவர். அவர் பேசும் தமிழைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் தடுமாறித்தான் போவார்கள்.

நாங்கள் புக்கிட் காத்திலுக்குக் குடிவந்த பிறகு, என்னைப் போல மலாய்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காக அத்தை சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடத்தினார். ‘சீனத்திகிட்டயா தமிழ் படிக்கணும்?’ என்று முணுமுணுத்தவர்களும் பிள்ளைகளை அனுப்பினார்கள். வகுப்பு இலவசம், அந்த நேரத்தில் பசாருக்கும் போய்க் காய்கறி வாங்கி வந்துவிடலாம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் வகுப்பின் நடுவே ஒரு சீனர் வந்து நின்றார். அத்தையின் கூடப்பிறந்த அண்ணன் என்றும், தாய் படுத்த படுக்கையாகக் கிடந்து அத்தையைப் பார்க்கக் கேட்கிறார் என்றும் மலாயில் சொன்னார். அத்தை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய காரில் ஏறினார். உம்பாய் போய்ச் சேரும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

வீடெல்லாம் கருவாட்டு வாடை. கட்டிலில் கிடந்த கிழவி அத்தையின் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். அழுதார், மூச்சு வாங்கினார், மறுபடியும் பேசினார். அத்தைக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கிழவிக்குத் தெரிந்திருந்த கொஞ்சம் மலாயும் வாதம் வந்தபோது போய்விட்டதாம்.

“அம்மா என்ன சொல்றாங்க?” என்று அத்தை அண்ணனிடம் மலாயில் கேட்டார்.

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒண்ணுமில்ல. சாப்பிட்டியான்னு கேக்குறாங்க.”

அதற்கா இவ்வளவு நேரம் என்று எனக்கே தோன்றியது. அத்தை கிழவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டேம்மா” என்றார், தமிழில்.

கிழவி அந்த வாரமே இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பையனின் அம்மா, அவனை வகுப்பிலிருந்து நிறுத்த வந்தார்.

“டியூஷன் இருக்கு டீச்சர். வீட்லயும் இங்லீஷ்லதான் பேசணும்னு அவரு சொல்லிட்டாரு. எனக்குத்தான் சரியா வரல. தமிழ் இனிமே எதுக்கு லா?”

யாரிடமும் குரல் உயர்த்தாத அத்தை அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. “நாளைக்கு நீ சாகக் கெடக்கும்போது, மனசுல உள்ளத இவன்கிட்ட எந்தப் பாஷையில சொல்லுவ? சொல்லு!”

அந்தப் பெண் அழுதுகொண்டே மகனை இழுத்துக்கொண்டு போனார். சீனத்தி சாபம் விட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சானது. ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மாதம் முடிவதற்குள் வகுப்பும் நின்றுபோனது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை.

“பெத்தவ செத்த துக்கத்துல பேசிட்டாங்க, விடுங்க” என்றார் அம்மா.

எனக்கு அது விளங்கவேயில்லை. உம்பாயில் ஒரு கிழவி செத்துப்போனதற்கும், இங்கே ஒரு பையன் தமிழ் படிப்பதற்கும் என்ன சம்பந்தம்?