முழுகிப்போன பாலமும் என் வாயும்

என் அக்காவின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேல் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

அக்கா பெயர் வெர்லின் ஸ்டாம்பர். வயது ஐம்பத்தாறு. கென்டக்கி மலைப்பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றினால், இரண்டரைக்குப் படகில் இருப்பாள். இரண்டு கல்யாணம் செய்தாள், இரண்டும் நிலைக்கவில்லை. படகு ஒன்றுதான் வாங்கினாள், அது பத்தொன்பது வருடமாக ஓடுகிறது.

பாஸ் என்கிற ஏரி மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிற கிளப் ஒன்று எங்கள் ஊரில் உண்டு, அதில் முப்பத்தோரு பேர். அக்கா ஒருத்திதான் பெண். பத்தொன்பது வருடம் விடாமல் போட்டி போட்டு, போன வருடம்தான் முதல்முறையாக வட்டாரப் போட்டிக்குத் தேர்வானாள். அதைக் கேட்ட அன்று டுவைட் என்கிற ஒரு தடியன், கிளப் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஏன் வெர்லின், அலபாமாவுக்கு மீன் புடிக்கப் போறியா, இல்ல புடிச்சவங்களுக்கு வறுத்துப் போடப் போறியா?"

முப்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறியதும் என்னைத்தான் திட்டினாள்.

"அவன் பேசினான்னா நீ ஏன்டா குதிக்கிற? நான் முதல் எடத்துக்கா ஆசைப்படுறேன்? முதல் பத்து பேரை தேசியப் போட்டிக்கு எடுக்கறாங்க. அந்தப் பத்தாவது எடம் எனக்குப் போதும். அதை வாங்கிட்டு வந்து அவன் முன்னால நின்னா போதும்."

போட்டி அலபாமாவில், டோஹாலா ஏரியில். அணை கட்டித் தேக்கிய ஏரி, கரையின் நீளமே எழுநூறு மைல். அக்கா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பனிக்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அணை கட்டுவதற்கு முந்தின வரைபடம் ஒன்றையும் எங்கிருந்தோ வரவழைத்தாள். தண்ணீருக்கு அடியில் போன சாலை எது, கல்லறை எது, யார் வீட்டுக் கிணறு எது எல்லாம் அதில் இருந்தது. நான் சாப்பிட உட்கார இடம் இல்லாமல் ஐந்து மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

இந்தப் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஏரி போட்டியாளர்களுக்கு மூடப்படும். கடைசி மூன்று நாள் மட்டும் இறங்கிப் பழகலாம். அந்த ஒரு மாதமும் ஏரியைப் பற்றி வெளியாள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. போட்டியாளரும் கேட்கக் கூடாது, கூட வந்தவரும் கேட்டுச் சொல்லக் கூடாது. முதல் இடங்களில் வருகிறவர்களை, உடம்பில் வயர் சுற்றிப் பொய் கண்டுபிடிக்கிற இயந்திரத்தின் முன்னால் உட்காரவைப்பார்கள். மீன் பிடிக்கப் போனவனைக் கொலைகாரன் மாதிரி விசாரிப்பார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் நான். விடியற்காலையில் டிரெய்லரை ரிவர்ஸில் தண்ணீர் வரைக்கும் விட்டுப் படகை இறக்கினவன் நான். பழகுகிற நாளில் அக்கா தூண்டில் முட்களின் நுனியைக் குறட்டால் வெட்டிவிடுவாள். மீன் கவ்வும், இழுக்கும், ஆனால் மாட்டாது. இன்றைக்குக் குத்துப்பட்ட மீன் நாளைக்கு வாயைத் திறக்காது என்பது அவள் கணக்கு. அந்த முட்களை எல்லாம் உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தவனும் நான்தான். ஆனால் படகில் ஏற்றிக்கொள்ள மாட்டாள். "நீ கரையில இரு" என்று ஒரே வார்த்தை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. கயிற்றை என்னிடம் எறிந்துவிட்டுத் தனக்குள் முனகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கெடச்சுதா?"

"ஏரி இருக்கு, தண்ணி இருக்கு, மீனும் இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? எங்க இருக்குன்னு கேக்கறேன்."

"போய் ஐஸ் வாங்கிட்டு வாடா."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "ஒம்பது மணி நேரம் ஓட்டினேன், லீவு போட்டேன், உன் முள்ளை வெட்டி வெட்டி விரல் கொப்பளிச்சிருக்கு. கூடப் பொறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் என்ன டுவைட்டா?"

"கார்லிஸ், உனக்கு வாய் இருக்கு, அதுக்குக் கதவு இல்ல. அதான் சொல்லல. போ."

போனேன். சாலையோரத்தில் தூண்டில் சாமான் விற்கிற கடை. ஐஸை எடுத்து வைத்தேன். கல்லாவில் லூதர் என்று ஒரு பெரியவர் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். கோபத்தில் இருக்கிறவனுக்கு யாராவது அன்பாக ஒரு பிடி கடலை கொடுத்தால் போதும், கொட்டிவிடுவான். அக்காவைப் பற்றி எல்லாம் கொட்டினேன். கடைசியில் கேட்டேன். அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா என்கிற வீம்பு.

"பெரியவரே, இந்த ஏரியில பெரிய மீனு எங்கதான் இருக்கும்?"

"மத்தவங்க எல்லாம் ஓடை ஓடையா சுத்துவானுங்க தம்பி. கிழக்குக் கரைல தண்ணித் தொட்டி தெரியும் பாரு, அதுக்கு நேரா பழைய கல்லுப் பாலம் ஒண்ணு முழுகிக் கெடக்கு. எங்கப்பா அது மேல கழுத வண்டி ஓட்டினவரு. அங்க போடச் சொல்லு."

நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்கு ஓடி வந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து போலோனா சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். கதவைத் திறந்த வேகத்தில், எச்சில் கூட விழுங்காமல் சொன்னேன். "அக்கா! தண்ணித் தொட்டிக்கு நேரா கல்லுப் பாலம் முழுகிக் கெடக்காம்! பெரிய மீனெல்லாம் அங்கதானாம்! கடைக்காரர் சொன்னாரு!"

அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"காலைல பதினோரு மணிக்கு நானே கண்டுபுடிச்சேன்டா அதை," என்றாள். "அஞ்சு மாசம் மேப்பைப் பாத்து, ரெண்டு நாள் தேடி, நானே கண்டுபுடிச்சேன். பன்னெண்டு மீனு கவ்விச்சு. எல்லாம் பெருசு."

"அப்போ என்னக்கா, நீதானே கண்டுபுடிச்ச? படகுல இருக்கற மேப் மெஷின்ல நீ எடத்தைக் குறிச்ச நேரம் இருக்குமே, அதைக் காட்டினா முடிஞ்சுது!"

"மெஷின்ல குறிக்கல. கிளப் போட்டில ஒரு தடவை ஒருத்தன் எட்டிப் பாத்து எடத்தைத் திருடினான். மனசுலதான் வச்சிருக்கேன். செத்த பைன் மரமும் சர்ச்சுக் கோபுரமும் ஒரே நேர்ல தெரியற எடத்துல படகை நிறுத்தினா, அடியில பாலம்."

"சரி விடு! நானும் சொல்லல, நீயும் கேக்கல! யாருக்குத் தெரியும்?"

"எழுந்திரு. ஹாலிஸ்கிட்ட போகணும்."

ஹாலிஸ் பிராக் போட்டியை நடத்துகிறவர். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் ஆசைதீரத் திட்டியிருக்கலாம். அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க முன்னாடியே கண்டுபுடிச்சீங்கன்னு நான் நம்பறேன் வெர்லின். ஆனா வயரை மாட்டி, 'நீங்க மீன் புடிச்ச எடத்தைப் பத்தி உங்க தம்பி வெளியாள்கிட்ட கேட்டுச் சொன்னாரா?'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"சொன்னான்னுதான் சொல்வேன்."

"அப்போ அந்தப் பாலத்துப் பக்கம் போகாதீங்க. வேற எங்க வேணா புடிங்க."

"இது என்ன அநியாயம்!" என்று நான் எழுந்தேன். "கேட்டது நானு! தண்டனை அவளுக்கா?" அக்கா என் காலை மிதித்தாள். பூட்ஸ் காலால் மிதித்தாள். ஏன் அவள் சண்டை போடவில்லை? ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை? அந்தக் கோபம்தான் முதலில் சொன்னது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தினது நான், கெட்டது அவள்.

மூன்றாம் நாள் முழுக்க வேறு இடம் தேடினாள். ஒன்றும் உருப்படியாக அகப்படவில்லை. போட்டி இரண்டு நாள். ஒரு நாளைக்கு ஐந்து மீன் வரை எடைக்குக் கொண்டுவரலாம். எல்லாரும் போன ஓடைகளிலேயே அவளும் போய், எல்லாரும் விட்ட மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாளும் சேர்த்து இருபத்திரண்டு பவுண்டு பதினைந்து அவுன்ஸ். பத்தாவதாக வந்தவனுக்கு இருபத்துநாலு பவுண்டு இரண்டு அவுன்ஸ். அக்கா பன்னிரண்டாவது. பாலத்துப் பக்கம் ஒருவனும் போகவில்லை. எடை மேடையில் ஒவ்வொருவனும் மைக்கைப் பிடித்து ஓடைக் கதைதான் அளந்தான்.

நாற்காலிகளை மடக்கும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. டிரெய்லரை மாட்டப் போனேன்.

"மாட்டாத," என்றாள் அக்கா. "நீயும் ஏறு."

பத்தொன்பது வருடத்தில் அவள் என்னைப் படகில் ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை. படகைக் கிழக்குக் கரைக்கு விட்டாள். செத்த பைன் மரம் சர்ச்சுக் கோபுரத்துக்கு நேராக வந்ததும் எஞ்சினை அணைத்தாள். ரப்பர் புழுவைக் கோத்து வீசினாள். அது அடியில் கல்லைத் தொட்டதும் கம்பு வளைந்தது.

மீனைத் தூக்கித் தராசில் மாட்டி என் முன்னால் நீட்டினாள். "படி."

"நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்," என்று முணுமுணுத்தேன்.

"கேக்கல. உனக்குத்தான் நல்ல வாய் இருக்கே, சத்தமாச் சொல்லு."

"நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்!"

மீனைத் தண்ணீரில் விட்டாள். மறுபடி வீசினாள். மூன்று பதினொன்று. விட்டாள். நாலு இரண்டு. விட்டாள். ஐந்து ஒன்று. அதை வாய்க்குள்ளேயே சொன்னேன். அவள் காத்திருந்தாள், நான் மறுபடி கத்தும்வரை மீனை விடவில்லை. ஐந்தாவது, மூன்று பவுண்டு பதினாலு.

"கூட்டு."

"அக்கா, வேணாங்க்கா."

"கூட்டுடா."

"இருபத்தொண்ணு பவுண்டு ரெண்டு அவுன்ஸ்."

இரண்டு நாளில் ஒருவனும் ஒரே நாளில் பதினேழு பவுண்டைத் தாண்டவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கரைக்குக் கேக்கணும்," என்றாள்.

நான் எழுந்து நின்று, கடை இருக்கிற திசையைப் பார்த்து, அழுதுகொண்டே அந்த எடையைக் கத்தினேன். அக்கா ஐந்தாவது மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.