சாமித்தட்டில் ஒரு சோடிச் செருப்பு

தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு வெளிநாடு வந்து, மோர்னிங்சைட்டில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அந்தக் கட்டடம் முழுவதிலும் அம்மாவுக்கு ஒரே சிநேகிதி, எங்கள் மாடியிலேயே இருந்த யப்பான் அன்ரி. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது, அன்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பின்னேரத் தேத்தண்ணியோடு இருவரும் கையாலும் கண்ணாலும் வம்பளப்பார்கள். நான் வேலை முடிந்து வந்தால் மொழிபெயர்ப்பு உத்தியோகம் எனக்கு.

"வாசலிலை செருப்பைக் கழட்டுற சனம், பிள்ளை. நல்ல வளர்ப்பு" என்பது அம்மா அன்ரிக்குக் கொடுத்த சான்றிதழ்.

ஒரு கோடையில் அன்ரி அம்மாவுக்கு ஒரு சோடி மரச்செருப்பு கொண்டுவந்து தந்தார். கெத்தா என்று பெயர். தட்டையான பலகை, அடியில் குறுக்கே இரண்டு கட்டை, விரலிடுக்கில் மாட்டச் சிவப்புத் துணி வார். அன்ரியும் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கீழே இறங்குவார். டொக் டொக் என்று கொரிடோர் முழுக்கக் கேட்கும்.

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது வலது வித்தியாசம் இல்லை. அது போதாதா அவருக்கு?

"மனிசர் போடுறதெண்டால் இடது வலது இருக்கும். இது சாமிமாற்றை பாதக்குறடு. அன்ரியும் கோயிலுக்குத்தான் இதோடை இறங்கிப் போறா."

"அதிலை வார் இராதே அம்மா, குமிழெல்லோ இருக்கும்?"

"யப்பானிலை சாமிமாருக்கும் வழுக்கும்."

மறுநாள் கெத்தா படுக்கையறைச் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு இருந்தது.

அன்ரி வரும்போதெல்லாம் அம்மாவின் காலைப் பார்த்தார். அளவு சரியில்லையா என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "அருமையான சாமான் எண்டு சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன். செருப்பைக் கும்பிடுகிறோம் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அன்ரி நம்பவில்லை. மெல்ல மெல்ல வரவு நின்றுபோனது. டொக் டொக் எங்கள் கதவைத் தாண்டிப் போகும்போது அம்மா கோப்பையோடு எழும்பி நிற்பார், பிறகு மறுபடி கதிரையில் இருந்துவிடுவார். அந்த வாய்க்காரி வாயை மூடிக்கொண்டு இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அன்ரியைக் கையோடு கூட்டிவந்து சாமித்தட்டின் முன்னால் நிறுத்தினேன். பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இதைப் போட்டுக்கொண்டு நாங்கள் குப்பை கொட்டப் போவோம்" என்றார். மொழிபெயர்த்தேன்.

"ஐயோ, பிள்ளையாரே!" அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்ரியின் சிரிப்பு அடங்கியது. "எங்கள் ஊரில் தெருவெல்லாம் இந்தச் சத்தம்தான். என் கணவர் இறந்த பிறகு இங்கே என்னுடையது மட்டும்தான் கேட்கிறது. பக்கத்தில் இன்னொன்று கேட்கட்டும் என்றுதான் வாங்கினேன்."

அதையும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

அம்மா கெத்தாவை இறக்கினார், பிள்ளையாரிடம் ஏதோ முணுமுணுத்தார், வாசலுக்குக் கொண்டுபோனார். அன்ரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, குங்குமத்தோடேயே காலில் மாட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாமல் இரு. இதை நான் சொல்லுறன்."

தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு அன்ரியைப் பார்த்தார்.

"யூ, மீ, வோக். டெய்லி."