ஊருக்கு வெளியே போன ரோடு

மதுரையில் பஸ் ஏறும்போது கண்டக்டரிடம் தெளிவாகத்தான் சொன்னேன் – ராமநாதபுரம். அவரும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஆனால், விசில் ஊதி அவர் என்னை இறக்கிவிட்ட இடத்தில் ராமநாதபுரம் இல்லை!

கருவேலங்காடு. புதுத் தார் ரோடு. ஒரு மைல் கல். அவ்வளவுதான். பஸ் ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரைப் பார்க்கப் பறந்துவிட்டது. பெட்டியும் கையுமாக நிற்கிறேன்... பிறந்து வளர்ந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. இந்த அவமானம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நேஷனல் ஹைவேயை ஊரைச் சுற்றித் திருப்பிவிட்டார்களாம்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அப்போதே எழுத உட்கார்ந்தேன். முடிவு தெரியாமல் எழுத வேண்டாமென்று நிறுத்தி வைத்தேன். போன வாரம் முடிவு தெரிந்துவிட்டது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

ரோடு ஏன் வெளியே போனது? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சீனி முகமது பஜாரில் ஓட்டல் வைத்திருக்கிறான். ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள், உப்பு லாரிக்காரர்கள், கருவாட்டு லாரிக்காரர்கள் – எல்லா வண்டியும் அவன் வாசலில் நின்றுதான் போகும். எதிரே முத்திருளப்பன் என்பவரின் பெட்டிக்கடை. முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மழை ஏமாற்றியதால் டவுனுக்குப் பிழைக்க வந்தவர். மூன்று பிள்ளைகள். மூத்தவள் வள்ளி.

ஊர் பெருத்துக்கொண்டே போனது. ரோடு மட்டும் பழைய ரோடு. ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்த வள்ளி மீது கருவாட்டு லாரி ஒன்று ஏறிவிட்டது. கல்லாவிலிருந்து குதித்து ஓடியது சீனிதான். பிள்ளையை வாரி எடுத்து, வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னான். டிரைவர் பயணிகளைச் சாப்பிட்ட இலையோடு விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

உயிர் பிழைத்தது. வலது பாதம் பிழைக்கவில்லை.

ரோட்டை வெளியே கொண்டுபோகும் திட்டம் சர்க்காரிடம் முன்பே இருந்தது. வியாபாரம் போய்விடும் என்று பஜார்க்காரர்களே தடுத்து வைத்திருந்தார்கள். வள்ளியின் காலுக்குப் பிறகு யார் வாய் திறப்பது? கூட்டம் போட்டார்கள். ரோட்டை வெளியே கொண்டுபோங்கள் என்று அதிகாரியிடம் முதலில் எழுந்து சொன்னது யார் தெரியுமா? சீனி! தன் ஓட்டலைத் தானே இழுத்து மூடச் சொன்ன மாதிரி. அது தெரிந்தேதான் சொன்னான்.

சரி, பெட்டியோடு நடந்து பஜாருக்கு வந்தேன். மத்தியான வேளை... நடுத்தெருவில் நாய் படுத்துத் தூங்குகிறது. சந்தை நாளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத தெரு அது! சீனியின் ஓட்டலில் ஒரே ஓர் அடுப்புதான் எரிந்தது. வேலையாட்கள் இல்லை. அவனே டீ ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். கடையை மூடிவிட்டுத் தொண்டியில் இருக்கும் மச்சானோடு போய்ச் சேர்ந்துகொள்ளப் போவதாகச் சொன்னான். ஏதோ பக்கத்துத் தெருவுக்குக் குடிமாறுவதைச் சொல்வது போல! டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

அப்போது வியாபாரிகள் சிலர் உள்ளே வந்தார்கள். பஸ்ஸையும் லாரியையும் மறுபடி பஜார் வழியாக விடச் சொல்லி அதிகாரியைப் பார்க்கப் போகிறார்களாம். சீனியும் வர வேண்டுமாம்.

நான் அதிர்ந்தது அதற்கில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றவர் முத்திருளப்பன்.

மகள் காலைப் பறிகொடுத்த மனுஷன்! லாரி மறுபடி வர வேண்டும் என்று கேட்கப் போகிறார். அவர் கேட்டால் அதிகாரி மறுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இப்படியும் ஒரு யோசனை மனிதனுக்கு வருமா?

சீனி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஒனக்கு வீட்ல இன்னும் ரெண்டு பிள்ளைக இருக்கு, முத்திருளு."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்ணே" என்றார் முத்திருளப்பன். "மூணும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்குதுக. ரோடு எங்கிட்டுப் போனா அதுகளுக்கு என்ன?"

சீனி, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அவர்கள் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அந்த ஆளை ஏதோ சொல்லிவிட்டேன். சீனி என்னைத் தடுத்தான்.

"அவனைக் குத்தம் சொல்லாதய்யா. நமக்குப் போக ஒரு தொண்டி இருக்கு. அவனுக்கு எங்கன இருக்கு?"

மதுரைக்குத் திரும்பிவிட்டேன். போன வாரம் மறுபடி போனேன். பஸ் நேராகப் பஜாருக்குள் நுழைந்தது! முத்திருளப்பன் கேட்டதும் அதிகாரி இசைந்து, பஸ், லாரி நுழையக் கூடாதென்று ஊர் முகப்பில் வைத்திருந்த தடைப்பலகையை எடுத்துவிட்டார்களாம். புது ரோடு அப்படியே இருக்கிறது. யாரோ அதில் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். எவ்வளவு மண், எவ்வளவு தார்... இப்போது வற்றல்!

பஜாரில் பழையபடி ஹாரன் சத்தம், இரைச்சல். சீனி தொண்டிக்குப் போகவில்லை. ஓட்டலில் உட்கார இடமில்லை. வேண்டாம் என்றவனுக்கே அதிக வியாபாரம்! நானும் ஒரு மூலையில் ஒண்டி உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் காலை முதல் மணி அடித்தது. சீனி கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். சாப்பிட ஆள் காத்து நிற்கிறது, பணத்தை நீட்டிக்கொண்டு ஆள் நிற்கிறது. எதையும் பார்க்காமல் வெளியே போய், நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றான். மண்டபத்திலிருந்து வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு அவன் முன்னால் நின்றது.

மறுபக்கம் பார்த்தால் முத்திருளப்பன். அவரும் கடையை விட்டு இறங்கி, மதுரையிலிருந்து வரும் வண்டிகளை மறித்து நிற்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பேச்சுவார்த்தை இல்லையென்று பிறகு தெரிந்தது. ஆனால், தினமும் நிற்கிறார்கள். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில்.

நடுவே பிள்ளைகள் கடந்து போனார்கள். கடைசியாக வள்ளி. அக்குளில் கட்டை. தம்பிகள் இரண்டு பேரும் அவளுடைய புத்தகப் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசிப் படியேறி அவள் மறைகிற வரைக்கும் ஒரு வண்டியும் நகரவில்லை.

கல்லாவுக்குத் திரும்பியவனிடம், எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் இருக்கிற மட்டும்" என்றான் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.

என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளியூர் லாரி டிரைவர், வண்டியை மறிக்கிற அந்த ஆள் போலீஸா, பைத்தியமா என்று என்னிடம் கிசுகிசுத்தார். ஓட்டல் முதலாளி என்றேன். அவர் நம்பவில்லை.